சீசனின் கடைசிக் கச்சேரி: வயோலா மூன்றாம் ஸ்டாண்டிலிருந்து

இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் புரண்டுவிட்டன. எங்கள் சமூக ஆர்கெஸ்ட்ராவின் சீசன் நிறைவுக் கச்சேரி அது. செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனியில் கடைசிப் பகுதி போய்க்கொண்டிருந்தது. வயோலா என்பது வயலினைவிடச் சற்றுப் பெரிய, குரல் கொஞ்சம் தாழ்ந்த தந்திக் கருவி. நான் அந்த வரிசையில் மூன்றாம் ஸ்டாண்டில் உள்பக்கம் உட்கார்ந்திருந்தேன். நோட்ஸ் தாளைத் தாங்கும் ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு பேர். பார்வையாளர்கள் பக்கம் இருப்பவர் வெளிப்பக்கம், மற்றவர் உள்பக்கம். பக்கம் புரட்டுவது உள்பக்கத்தில் இருப்பவரின் பொறுப்பு, அதாவது என்னுடையது. புரட்டிவிட்டு வில்லைத் தூக்கினால், தாளில் இருப்பது ஒன்று, காதில் விழுவது வேறொன்று.

அதிலிருந்து எப்படி மீண்டோம் என்பதற்கு வருகிறேன். அதற்கு முன் பத்து வார ஒத்திகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தச் சில நொடிகளில் நாங்கள் செய்த எதையும் அங்கே உட்கார்ந்து யோசித்துச் செய்யவில்லை. ஒத்திகையில் பழகியது தானாகக் கைக்கு வந்தது. ஆர்கெஸ்ட்ராவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், 'நமக்கு அந்த அளவுக்கு வாசிக்க வருமா' என்று தயங்குகிறவர்களுக்கும் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் குழுவில் சுமார் 60 பேர். ஆசிரியர்கள், செவிலியர்கள், கணக்கர்கள், ஓய்வு பெற்றவர்கள், கல்லூரி மாணவர்கள் என்று எல்லாரும் இருக்கிறார்கள். குழுவை நடத்தும் கண்டக்டர் ஒருவர்தான் முழுநேர இசைக்கலைஞர். வாரம் ஒரு மாலை, இரண்டரை மணி நேரம் ஒத்திகை. ஒரு சீசனில் நான்கு கச்சேரிகள். நான்காவது முடிந்ததும் நீண்ட விடுமுறை. சிலர் படிப்புக்காகவோ வேலைக்காகவோ வேறு ஊருக்குப் போய்விடுவார்கள், அடுத்த சீசனில் அவர்கள் நாற்காலியில் வேறு யாரோ இருப்பார்கள். அதனால் கடைசிக் கச்சேரிக்கு மட்டும் ஒரு தனிக் கனம் உண்டு. இதே 60 பேர் இதே வரிசையில் மறுபடி உட்காரப் போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

இந்த முறை நிகழ்ச்சி வழக்கமான அமைப்பில்தான் இருந்தது. முதலில் பிராம்ஸின் அகாடமிக் ஃபெஸ்டிவல் ஓவர்ச்சர், சுமார் பத்து நிமிடம். அடுத்து மோட்சார்ட்டின் கிளாரினெட் கான்சர்ட்டோ, இதில் எங்கள் குழுவிலேயே கிளாரினெட் வாசிக்கும் ஒருவர் தனி வாசிப்பாளர். இடைவேளைக்குப் பிறகு த்வோர்ஷாக், நாற்பது நிமிடத்துக்கு மேல். 'புதிய உலகிலிருந்து' என்று பெயர் வைத்து 1893இல் அவர் எழுதிய சிம்பொனி. அப்போது நியூயார்க்கில் ஓர் இசைக் கல்லூரியின் இயக்குநராக இருந்தார். அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று கார்னெகி ஹாலில் அரங்கேறியது. வயோலாக்காரர்களுக்கு இவர்மேல் கூடுதல் பாசம் உண்டு. இளமையில் பிராகா நகர நாடக அரங்கின் ஆர்கெஸ்ட்ராவில் பல ஆண்டுகள் வயோலா வாசித்தவர் அவர். அதனால்தானோ என்னவோ, அவர் எழுதிய வயோலா வரிகளில் வெறும் நிரப்பல் குறைவு. நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கும் சொல்ல ஏதாவது கொடுத்திருப்பார்.

முதல் வாரம், முழுவதையும் ஒரு முறை நிற்காமல் வாசித்துப் பார்த்தோம். பாதி சுரம் விட்டுப்போனது. அன்று வீட்டுக்குப் போனதும் வழக்கம்போல இரண்டு வேலைகள் செய்தேன். ஒன்று, முழு ஸ்கோரை இறக்கிக்கொண்டது. 1904இல் இறந்தவரின் இசை என்பதால் காப்புரிமைச் சிக்கல் இல்லை, ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நம் கையில் இருக்கும் பார்ட்டில் நம் வரி மட்டும்தான் இருக்கும். மற்ற 20 கருவிகள் அந்த நேரத்தில் என்ன செய்கின்றன என்பது ஸ்கோரைப் பார்த்தால்தான் தெரியும். ஸ்கோரைக் கையில் வைத்துக்கொண்டு ஒலிப்பதிவைக் கேட்டபடி, என் பார்ட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டே போனேன்: 'இங்கே ஹார்ன்', 'ஓபோ முடித்ததும் நாம்', 'செல்லோவோடு சேர்ந்து'. கருவியைத் தொடாமல் இதற்குச் செலவழித்த மூன்று மாலைகள்தான் கச்சேரியில் என்னைக் காப்பாற்றின.

இரண்டாவது வேலை, கடினமான இடங்களைப் பிரித்தெடுத்தது. நாற்பது நிமிட சிம்பொனியில் எனக்கு உண்மையில் கை வராத இடங்கள் மொத்தமாக இரண்டு பக்கம்கூட வரவில்லை. தினமும் அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் அந்த அரை மணி நேரமும் அந்த இரண்டு பக்கத்துக்குத்தான். பிடித்த மெட்டை மறுபடி மறுபடி வாசித்துக்கொண்டிருப்பது சுகமாக இருக்கும், ஆனால் அது பயிற்சிக் கணக்கில் வராது. தாளம் தட்டும் மெட்ரோனோமைப் பாதி வேகத்தில் வைத்து, தப்பில்லாமல் மூன்று முறை வந்த பிறகுதான் நாலு புள்ளி ஏற்றுவேன்.

அப்படியும் கடைசி வேகத்துக்கு வராத இடங்கள் இருந்தன. இதை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். முழுநேர வேலைக்குப் போய்க்கொண்டு வாசிப்பவர்களில் பெரும்பாலானவர்களுக்கு எல்லா சுரமும் வராது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் விடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. எங்கள் வயோலா லீடர் முதல் சீசனிலேயே எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது: "ஒவ்வொரு தாளத் தட்டின் முதல் சுரத்தையும் சரியான நேரத்தில் சுத்தமாக வையுங்கள். நடுவில் வருவது வந்தால் வரட்டும், இல்லாவிட்டால் விடுங்கள். எல்லாவற்றையும் பிடிக்கப் போய்ப் பின்தங்கினால் பக்கத்தில் இருப்பவரையும் சேர்த்து இழுத்துவிடுவீர்கள்." இதைக் கேட்டபோது ஏமாற்று வேலை மாதிரி இருந்தது. இப்போது யோசித்தால், அவர் சொன்னது முழுக்க முழுக்கப் பக்கத்து நாற்காலியைப் பற்றியது. தவறான நேரத்தில் விழும் சரியான சுரத்தைவிட, விட்டுப்போன சுரம் மற்றவர்களுக்கு எவ்வளவோ நல்லது. ஒரே வரியை எட்டுப் பேர் வாசிக்கிறோம், ஒருவர் விட்டதை மற்ற ஏழு பேர் நிரப்பிவிடுவார்கள்.

வில்லின் திசை விஷயத்தில் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. கீழ் வில்லா மேல் வில்லா என்பதை லீடர் முடிவு செய்வார், அவர் ஸ்டாண்டிலிருந்து பின்வரிசை வரைக்கும் எல்லாரும் அதையே பார்ட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். பார்வைக்கு அழகு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வில்லின் அடிப்பகுதியில் வாசித்தால் ஒலி கனமாக வரும், நுனியில் மெலிந்து வரும். எட்டுப் பேர் எட்டு இடத்தில் வாசித்தால் அது ஒரு குரலாகக் கேட்காது. மூன்றாவது ஒத்திகையில் லீடர் மாற்றிய ஒரு குறியை நான் எழுத மறந்துவிட்டு, அடுத்த வாரம் அதே இடத்தில் எதிர்த்திசையில் வில்லை இழுத்துக்கொண்டிருந்தேன். பென்சில் இல்லாமல் ஒத்திகைக்குப் போவது நோட்ஸ் இல்லாமல் போவதற்குச் சமம். நான் இப்போது ஸ்டாண்டில் ஒன்று, பெட்டியில் ஒன்று என்று இரண்டு வைத்திருக்கிறேன். பேனா கூடவே கூடாது. தாள் நம்முடையது இல்லை.

வாசிப்பதைவிட வாசிக்காமல் இருப்பது கடினம் என்று எனக்குப் புரியவைத்தவர், பெரிய ஜால்ரா போன்ற சிம்பல்ஸ் வாசிப்பவர். இந்த சிம்பொனி முழுவதிலும் சிம்பல்ஸுக்கு ஒரே ஒரு தட்டுதான். அதுவும் கடைசிப் பகுதியில், அதுவும் அடித்து நொறுக்கும் தட்டு இல்லை, மிதமானது. அதற்காக அவர் முப்பது நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். டியூபா வாசிப்பவர் நிலைமையும் ஏறக்குறைய அதுதான். இரண்டாம் பகுதியில் மட்டும் மிகச் சில சுரங்கள், மற்ற மூன்று பகுதிகளில் ஒன்றுமே இல்லை.

"எப்படி எண்ணுகிறீர்கள்?" என்று இடைவேளையில் சிம்பல்ஸ்காரரிடம் கேட்டேன்.

"எண்ணுவேன், ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்ப மாட்டேன்" என்றார். "கிளாரினெட் தனியாகப் பாட ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால் என் இடம். அதற்கு முந்தைய ஒரு நிமிட இசை எனக்கு மனப்பாடம். அது வந்தால் எழுந்துவிடுவேன். எண்ணிக்கை தப்பினாலும் இசை தப்பாது."

அன்றிலிருந்து நீண்ட ஓய்வு வரும் இடங்களில் நானும் அதையே செய்கிறேன். பார்களை, அதாவது தாளச் சுற்றுகளை, விரலால் எண்ணுவேன், ஒவ்வொரு பாரின் முதல் தட்டிலும் 'ஒன்று இரண்டு மூன்று நான்கு, இரண்டு இரண்டு மூன்று நான்கு' என்று பார் எண்ணை மாற்றிக்கொண்டே போவேன். கூடவே நான் நுழைவதற்கு முன்னால் கேட்கும் மெட்டைத் தாளில் சின்னதாக எழுதி வைத்துக்கொள்வேன். எண்ணிக்கையும் காதும் ஒத்துப்போனால் தைரியமாக நுழையலாம். ஒத்துப்போகாவிட்டால், காது சொல்வதைக் கேளுங்கள்.

மோட்சார்ட் வேறு வகையான சிரமம் தந்தது. 1791இல், இறப்பதற்குச் சுமார் இரண்டு மாதம் முன்பு அவர் எழுதியது. தாளைப் பார்த்தால் எளிது. ஆனால் முதல் மூன்று ஒத்திகைகளில் தனி வாசிப்பாளரின் குரலே எங்களுக்கு மேலே வரவில்லை. அவர் எவ்வளவு ஊதினாலும் கீழ் ஸ்தாயியில் கிளாரினெட் மென்மையாகத்தான் கேட்கும், அதன் அழகே அங்கேதான் இருக்கிறது. கண்டக்டர் வயலின்களையும் எங்களையும் நிறுத்தச் சொல்லிவிட்டு அவரை மட்டும் வாசிக்கச் சொன்னார். அப்புறம் எங்களிடம், "இவர் மூச்சு எடுப்பது உங்களுக்குக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்கள் சத்தமாக வாசிக்கிறீர்கள்" என்றார். எனக்கு இதுவரை கிடைத்ததிலேயே பயனுள்ள அறிவுரை என்றால் இதைத்தான் சொல்வேன். 'மெதுவாக வாசியுங்கள்' என்றால் எவ்வளவு மெதுவாக என்று தெரியாது. அவருடைய மூச்சு என்றால் தெரியும்.

இந்தப் படைப்பில் ஆர்கெஸ்ட்ராவுக்கு ஓபோ என்ற மரக்குழலே கிடையாது. புல்லாங்குழல், பஸ்ஸூன், ஹார்ன் மூன்றிலும் இரண்டிரண்டு, அப்புறம் தந்திகள், அவ்வளவுதான். வழக்கமாக ஓபோதான் எங்களுக்கு சுருதி தரும். ஓவர்ச்சர் முடிந்து ஓபோக்காரர்கள் மேடையை விட்டு இறங்கிவிட்டால் யார் தருவது? கடைசி ஒத்திகை வரை யாருக்கும் இது தோன்றவில்லை. முதல் வயலின் வரிசையின் லீடரான கான்சர்ட் மாஸ்டர் தன் வயலினிலிருந்து தருவதாக முடிவானது. சின்ன விஷயம், ஆனால் அரங்கம் நிறைந்திருக்கும்போது 30 பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள். இதே மாதிரிதான் நாற்காலிகளும். பிராம்ஸுக்குப் பெரிய குழு, மோட்சார்ட்டுக்குச் சிறியது, த்வோர்ஷாக்குக்கு மறுபடி பெரியது. எங்களுக்கு மேடைப் பணியாளர்கள் இல்லை. யார் எந்த நாற்காலியை எடுப்பது, பியானோ பெஞ்ச் எங்கே போகும், டிம்பனிக்கு வழி எது என்று ஒரு தாளில் எழுதிப் பின்கதவில் ஒட்டினோம். கடைசி ஒத்திகையில் இசையை ஒத்திகை பார்ப்பதோடு நாற்காலி நகர்த்துவதையும் ஒரு முறை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

கடைசி ஒத்திகைதான் அரங்கத்தில் எங்களுக்குக் கிடைத்த ஒரே ஒத்திகை. வாராவாரம் வாசித்தது தாழ்ந்த கூரை உள்ள அறை, அங்கே எல்லாருடைய ஒலியும் முகத்திலேயே வந்து மோதும். மேடைக்குப் போனதும் என் வயோலாவே எனக்குக் கேட்காத மாதிரி இருந்தது. பயந்துபோய் அழுத்தி வாசித்தேன், ஒலி கரகரத்தது. இது எல்லாருக்கும் நடக்கும். ஒலி வெளியே போய்க்கொண்டிருக்கிறது, திரும்பி நம் காதுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அதோடு காலி அரங்கத்தில் எதிரொலி அதிகம். ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் உடம்பும் துணியும் அதை உறிஞ்சிக்கொள்ளும், கச்சேரியில் இன்னும் வறண்டுதான் கேட்கும். ஆகவே ஒத்திகையில் கேட்டதை வைத்து ரொம்பவும் மாற்றிக்கொள்ள வேண்டாம்.

தூரமும் ஒரு சிக்கல். மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 15 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. பின்னால் இருக்கும் டிராம்போன் நம் காதுக்கு வர 0.04 நொடிக்கு மேல் ஆகிவிடும். வேகமான இடங்களில் இது போதும், இரண்டு பக்கமும் நழுவ. காதில் விழுந்த பிறகு அதோடு சேரலாம் என்று காத்திருந்தால் எப்போதும் தாமதம்தான். அதனால் கண்ணால் சேர வேண்டும்: கண்டக்டரின் குச்சி, கான்சர்ட் மாஸ்டரின் வில், நம் லீடரின் வில். எங்கள் லீடர் நுழைவதற்கு முன் தோளை லேசாக உயர்த்துவார். மூன்றாம் ஸ்டாண்டில் இருக்கும் எனக்கு அந்தத் தோள்தான் தாளம்.

உடை விஷயத்தில் ஒரு வார்த்தை. கச்சேரிக்குப் போடும் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டில் ஒரு முறையாவது முழுதாக வாசித்துப் பாருங்கள். என்னுடைய புதுச் சட்டைத் துணி வழுக்கியது, தோள் தாங்கி நகர்ந்துகொண்டே இருந்தது. கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னால் தெரிந்ததால் பழைய சட்டைக்குத் திரும்பினேன். புதுத் தந்தியைக் கச்சேரி அன்று மாட்டாதீர்கள், இழுவை நின்று சுருதி நிலைக்க அதற்குச் சில நாட்களாவது வேண்டும். ஆனால் பெட்டியில் ஒரு செட் இருக்கட்டும்.

கச்சேரி நாள். மேடை விளக்குகளின் சூட்டில் சுருதி இரண்டு திசைக்கும் போகும் என்பதை நேரில் உணர்ந்த நாள் அது. சூட்டில் தந்தி தளர்ந்து நம் சுருதி இறங்கும். ஊதுகுழலுக்குள் காற்று சூடாகும்போது அவர்களுடைய சுருதி ஏறும். ஓபோ 440 ஹெர்ட்ஸில் சுருதி கொடுத்து ஆரம்பித்த மாலை, இடைவேளைக்குள் இரண்டும் விலகியிருந்தன. கண்டக்டர் இதை எதிர்பார்த்து சிம்பொனியின் முதல் பகுதி முடிந்ததும் மறுபடி சுருதி சேர்க்க நேரம் கொடுத்தார். அந்தப் பகுதி பெரும் சத்தத்தோடு முடிகிறது, அரங்கத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள். சிலர் திரும்பி அவர்களை முறைத்ததையும் பார்த்தேன். முறைத்திருக்க வேண்டாம். முதன்முறை சிம்பொனி கேட்க வந்தவர் உள்ளம் பொங்கித் தட்டுகிறார், மேடையில் இருக்கும் எங்களுக்கு அது இனிப்பாகத்தான் இருந்தது. நான்கு பகுதிகளும் முடியும்வரை பொறுப்பது வழக்கம் என்று நிகழ்ச்சித் தாளில் ஒரு வரி போட்டிருக்கலாம், தவறு எங்கள் பக்கம்.

அந்தக் கைதட்டலுக்கு நடுவில் தந்திக்காரர்கள் எல்லாரும் ஒலியை மென்மையாக்கும் மியூட்டை மாட்டினோம். இரண்டாம் பகுதி லார்கோ, அதாவது மிக மெதுவான நடை. தாழ்ந்த குரலில் பித்தளைக் கருவிகளும் ஊதுகுழல்களும் சில ஸ்வரக்கூட்டுகளை வைத்து, எங்கோ தூரத்தில் இருக்கும் ஒரு கதவைத் திறப்பது போல இழைந்து வர, தந்திகள் மெல்லிய விரிப்பு போடும். அதன்மேல் இங்கிலிஷ் ஹார்ன் பாட ஆரம்பிக்கும். பெயரைக் கேட்டு ஹார்ன் என்று நினைக்க வேண்டாம், ஓபோவின் அக்கா மாதிரியான மரக்கருவி அது, குரல் கொஞ்சம் கீழே. எங்கள் குழுவில் அதை வாசித்தவர் வழக்கமாக இரண்டாம் ஓபோ வாசிப்பவர், முப்பது ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பத்து வாரமும் ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஏழெட்டு ரீடுகளைச் சின்னப் பெட்டியில் கொண்டுவருவார். நாணலில் செய்த அந்த ரீடு ஒரு நாள் பாடும், மறுநாள் காற்றில் ஈரம் மாறினால் பாடாது. "இன்றைக்கு எது?" என்று கேட்டால், "மூன்றாம் எண் நல்ல பிள்ளை" என்பார்.

அன்று மாலை எந்த எண் என்று எனக்குத் தெரியாது. அவர் முதல் சுரத்தை வைத்தபோது எனக்குக் கை நடுங்கியது, என் வரியில் நீண்ட சுரங்கள் மட்டும்தான் என்றாலும். நுனி வில்லில் இருமடங்கு மெதுவாக இழுத்தேன், அவர் மூச்சு கேட்டது. இந்தப் பகுதியின் முடிவில் முன்வரிசையில் இருக்கும் சிலர் மட்டும் அந்த மெட்டை எடுத்துக்கொள்வார்கள். அதுவும் நடுநடுவே நின்றுபோகும். பாதி வாக்கியத்தில் தொண்டை அடைத்துப் பேச்சு நின்றுவிடுவது போல மௌனம், அப்புறம் மீதி. ஒத்திகையில் அந்த மௌனங்களைக் கண்டக்டர் நீட்டிக்கொண்டே போனபோது எங்களுக்குப் பொறுமை போனது, யாரோ எப்போதும் இருமுவார்கள், தாள் சரசரக்கும். கச்சேரியில் அத்தனை பேர் இருந்த அரங்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. வாசிக்காதவர்கள் அசையாமல் இருப்பதும் இந்த இடத்தில் வாசிப்புதான். மியூட்டைக் கழற்றுவது, பக்கத்தை இழுப்பது, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்வது எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

மூன்றாம் பகுதி வேகமாக ஓடிவிட்டது. முக்கோணம் என்ற உலோகக் கருவியின் மணி ஒலியைத் தவிர எனக்கு அதிகம் நினைவில்லை, எண்ணுவதிலேயே கவனம் போய்விட்டது.

நான்காம் பகுதி. சிம்பல்ஸ்காரர் எழுந்து, தன் ஒற்றைத் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தார். கிளாரினெட் பாடியது. அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கம் வந்தது. அரங்கத்தின் சூட்டில் தாள்கள் லேசாக ஒட்டிக்கொண்டிருந்தன போலும். என் விரலுக்கு ஒரு தாள் என்றுதான் பட்டது. ஸ்டாண்ட் கூட்டாளி வெளிப்பக்கத்தில் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, தாளையும் பார்க்கவில்லை. நான் புரட்டும் நேரத்தில் ஸ்டாண்டில் வாசிப்பு அறுந்துபோகாமல் இருக்க, ஒவ்வொரு பக்கத் திருப்பத்துக்கும் பின்னால் வரும் நாலு பாரை அவர் மனப்பாடம் செய்திருந்தார். அந்த நாலு பார் எனக்குக் கிடைத்த அவகாசம்.

எனக்குள் முதலில் எழுந்தது, எப்படியாவது உடனே வாசித்துவிட வேண்டும் என்ற பரபரப்பு. அதற்கு இடம் கொடுக்காதீர்கள். தொலைந்துபோனால் முதலில் வில்லைத் தந்தியிலிருந்து எடுங்கள், கையை வாசிக்கிற நிலையிலேயே வைத்திருங்கள், கேளுங்கள். நான் வில்லை எடுத்தேன். இரண்டு தாளையும் பிரித்து ஒன்றைப் பின்னுக்குத் திருப்பினேன். எந்தப் பார் என்று தெரியவில்லை, ஆனால் ஹார்ன் கேட்டது, அடுத்த வரியின் நடுவில் 'இங்கே ஹார்ன்' என்று என் கையெழுத்து இருந்தது. கூட்டாளி வில்லின் நுனியால் தாளில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார், வாசிப்பை நிறுத்தாமலேயே, இரண்டு சுரத்துக்கு நடுவில். அடுத்த பாரின் முதல் தட்டில் நுழைந்தேன். மொத்தம் ஐந்தாறு பார் இருக்கும். ஒலிப்பதிவைப் பின்னால் மூன்று முறை கேட்டேன், எங்கே என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. மற்ற ஆறு பேரும் அவரும் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது பக்கங்களின் கீழ் மூலையை மாறி மாறி மேலும் கீழுமாகச் சின்னதாக மடித்து வைக்கிறேன். கச்சேரிக்கு முன் எல்லாப் பக்கத்தையும் ஒரு முறை புரட்டித் தளர்த்தியும் விடுகிறேன். திருப்பத்துக்குப் பின்னால் வரும் பார்களை உள்பக்கத்தில் இருப்பவரும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

சிம்பொனியின் கடைசி ஸ்வரக்கூட்டு நீங்கள் எதிர்பார்க்கும் மாதிரி இருக்காது. அவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்குப் பிறகு காற்றுக் கருவிகள் மட்டும் ஒரே கூட்டைப் பிடித்து நிற்கும், அது தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போகும். தந்திகளுக்கு வேலை முடிந்துவிட்டது. கண்டக்டர் கையை இறக்கும்வரை நாங்கள் வில்லை இறக்காமல் வைத்திருந்தோம். எனக்குப் பின்னால் அந்தக் கூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் அடுத்த சீசனுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். ஒலி எங்கே நின்றது, எங்கே நான் கேட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்று பிரிக்க முடியவில்லை.

அடுத்த வாரம் நூலகர் பார்ட்டுகளைத் திரும்பக் கேட்டார். எங்கள் நூலகர் வைத்திருக்கும் விதி: வில் குறிகள் இருக்கலாம், சொந்தக் குறிப்புகளை அழித்துக் கொடுக்க வேண்டும். கூட்டாளியும் நானும் அறையின் மூலையில் உட்கார்ந்து ஆளுக்கொரு ரப்பரால் அழித்தோம். 'இங்கே ஹார்ன்' போனது. 'ஓபோ முடித்ததும் நாம்' போனது. நான்காம் பகுதியில் அந்தப் பக்கம் வந்தபோது, திருப்பத்தின் மேலே ஒரு மூக்குக் கண்ணாடி படம் இருந்தது. 'கண்டக்டரைப் பார்' என்பதற்கு ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் போடும் குறி. நான் போட்டதில்லை, அவரும் போட்டதில்லை. எங்களுக்கு முன்னால் இந்த ஸ்டாண்டில் உட்கார்ந்த யாரோ போட்டது, அழித்தும் முழுதாகப் போகாமல் மங்கலாக இருந்தது. கூட்டாளி பென்சிலை எடுத்து அதன்மேலேயே ஒரு முறை வரைந்தார். பக்கத்தில் நான், 'தாள் ஒட்டும்' என்று எழுதினேன்.